ஆண்களுக்கும் சிறுவர்களுக்கும் ஏற்படும் மார்பக வீக்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆணுக்கு மார்பகம் பெரிதாகிறது என்றால் உடலுக்குள் என்ன நடக்கிறது?

ஆண், பெண் இருபாலருக்குமே பிறக்கும்போது முலைக்காம்பின் பின்னால் சிறிதளவு சுரப்பித் திசு இருக்கிறது. பருவமடையும்போது பெண்ணுக்கு ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் அதை வளர்க்கிறது. ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் அதை வளரவிடாமல் அடக்கி வைக்கிறது. ஆண் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. அதன் பெரும்பகுதி விரைகளில் நேரடியாகச் சுரப்பதில்லை; அரோமட்டேஸ் என்னும் நொதி, கொழுப்பு, தசை, தோல் முதலிய இடங்களில் ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுவதால் உண்டாகிறது. இந்த இரண்டு ஹார்மோன்களுக்கும் இடையே உள்ள விகிதம் ஈஸ்ட்ரோஜன் பக்கம் சாயும்போது, அடங்கியிருந்த சுரப்பித் திசு வளரத் தொடங்குகிறது. மருத்துவர்கள் இதைத்தான் கைனகோமாஸ்டியா என்கிறார்கள்.

இங்கே கணக்கில் வருவது விகிதமே தவிரத் தனித்தனி அளவு அன்று. அதனால்தான் இரத்தப் பரிசோதனையில் இரண்டு ஹார்மோன்களும் இயல்பான வரம்புக்குள் இருக்கும்போதுகூட ஒருவருக்கு மார்பகம் வீங்கியிருக்கலாம். 'பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள், வீக்கம் மட்டும் இருக்கிறதே' என்று குழம்புகிறவர்களுக்கு இதுவே பெரும்பாலும் விடையாக அமைகிறது.

எனக்கு இருப்பது கொழுப்பா, சுரப்பியா? வீட்டிலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மல்லாந்து படுத்து, பார்க்க வேண்டிய பக்கத்துக் கையைத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். மருத்துவர் செய்வதைப் போலவே, மறு கையின் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் மார்பகத்தின் இருபுறமும் வைத்து, மெல்ல அழுத்தியபடி காம்பை நோக்கிக் கொண்டுவர வேண்டும். சுரப்பி வளர்ந்திருந்தால், காம்பின் நேர் பின்னால் வட்டத் தட்டாக, ரப்பர் போன்ற உறுதியுடன் ஒரு திசு விரல்களைத் தடுக்கும். வெறும் கொழுப்பாக இருந்தால் விரல்கள் எந்தத் தடையும் இல்லாமல் காம்பு வரை வந்து சேர்ந்துவிடும். கொழுப்பினால் மட்டும் தோன்றும் வீக்கத்தைப் போலி வீக்கம் என்பார்கள். அதற்கு ஹார்மோன் ஆய்வு பொதுவாகத் தேவைப்படாது.

ஆனால் பருமனான உடலில் இரண்டும் சேர்ந்தே இருப்பது மிகச் சாதாரணம். கொழுப்புத் திசுவில் அரோமட்டேஸ் இருப்பதால், கொழுப்பு கூடக்கூட ஈஸ்ட்ரோஜனும் கூடுகிறது. அது சுரப்பியையும் வளர்க்கிறது. ஆகவே வீட்டுச் சோதனையை ஒரு முன்னறிவாகக் கொள்ளலாம். முடிவாகக் கொள்ள வேண்டாம்.

பிறந்த ஆண் குழந்தைக்கு மார்பு வீங்கியிருக்கிறது. சில துளிகள் பாலும் வருகிறது. பயப்பட வேண்டுமா?

வேண்டாம். கருப்பையில் இருக்கும்போது தாயின் ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் உடலிலும் செயல்படுவதால், பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இந்த வீக்கம் காணப்படுகிறது. சில வாரங்களில், சில குழந்தைகளுக்குச் சில மாதங்களில், தானாக வடிந்துவிடும். செய்யக் கூடாதது ஒன்றே ஒன்று: பால் கட்டியிருக்கிறது என்று எண்ணி அதைப் பிதுக்கி எடுக்கக் கூடாது. பிதுக்குவதால் கிருமி புகுந்து சீழ்க்கட்டி உண்டாகலாம். மார்பு சிவந்து, சூடாகி, குழந்தைக்குக் காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் மகனுக்கு 13 வயது. ஒரு பக்க மார்பு மட்டும் தடித்திருக்கிறது, தொட்டால் வலிக்கிறது என்கிறான். என்ன செய்வது?

இந்தப் பக்கத்தைத் தேடி வரும் பெற்றோரில் பெரும்பாலோரின் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பருவ வயதுச் சிறுவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் இந்த வீக்கம் ஏற்படுகிறது. பருவமடைதல் தொடங்கிச் சுமார் ஓராண்டுக்குப் பிறகு தோன்றி, 13, 14 வயதில் உச்சத்தை எட்டுவது வழக்கம். டெஸ்டோஸ்டிரோன் முழு அளவை எட்டுவதற்கு முன்பே ஈஸ்ட்ரோஜன் உயர்ந்துவிடுவதால் சிறிது காலம் விகிதம் தடுமாறுகிறது என்பதே இதற்குப் பொதுவாகத் தரப்படும் விளக்கம். ஒரு பக்கம் முதலில் வீங்கி மறுபக்கம் பின்னர் வீங்குவதும், இரண்டும் சமமில்லாமல் இருப்பதும், சட்டை உரசினாலே வலிப்பதும் இயல்பானவையே. வலி இருப்பது பெரும்பாலும் திசு புதிதாக வளர்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. ஆபத்தின் அறிகுறி அன்று.

பெரும்பாலான சிறுவர்களுக்கு 6 மாதங்களிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் இது தானாகவே குறைந்து மறைந்துவிடுகிறது. 17 வயதுக்கு மேலும் நீடிப்பது சிறு பங்கினருக்கு மட்டுமே. எனவே ஒருமுறை மருத்துவரிடம் காட்டி, உயரம், எடை, பருவ வளர்ச்சி, விரைகளின் அளவு ஆகியவை வயதுக்கு ஏற்ப இருக்கின்றனவா என்று உறுதி செய்துகொண்டபின், சுமார் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருப்பதே முறையான சிகிச்சை. காத்திருப்பது ஒன்றும் செய்யாமல் விடுவது ஆகாது. அந்த வருகைகளில்தான் வேறு நோய் இல்லை என்பது உறுதியாகிறது.

மகன் இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறான். விளையாடவும் போவதில்லை.

உடல் வலியைவிட இதுவே அந்த வயதில் கடுமையானது என்று நான் கருதுகிறேன். சட்டையைக் கழற்ற வேண்டிய நீச்சலைத் தவிர்ப்பது, தொளதொளப்பான உடைகளையே அணிவது, மார்பை மறைக்கத் தோளைக் குறுக்கிக் கூன் போட்டு நடப்பது, உடற்பயிற்சி வகுப்பு நாளில் வயிற்றுவலி என்று சொல்வது போன்றவற்றைப் பெற்றோர் சோம்பல் என்றோ பிடிவாதம் என்றோ எடுத்துக்கொள்கிறார்கள். சிறுவனோ தன் உடல் பெண்ணுடலாக மாறிக்கொண்டிருக்கிறது என்ற அச்சத்தை யாரிடமும் சொல்லாமல் வைத்திருப்பான். அவனிடம் தனியாக, சுருக்கமாக, 'உன் வகுப்பில் பாதிப் பேருக்கு இது இருக்கும், அவர்களும் உன்னைப் போலவே மறைக்கிறார்கள், இது போய்விடும்' என்று நேராகச் சொல்வது நல்லது. உறவினர் முன்னால் இதைக் கேலியாகவோ கவலையாகவோ பேசுவது அதற்கு நேர் எதிரான விளைவைத் தரும். பள்ளியில் மற்றவர்கள் துன்புறுத்துகிறார்கள் என்றால் அதைத் தனிப் பிரச்சினையாகவே கருதி ஆசிரியர்களிடம் பேச வேண்டும். மனச்சோர்வு நீடித்தால் மனநல ஆலோசனை தேவை. வீக்கம் சிறியது என்பதால் வேதனையும் சிறியது என்று கணக்கிட முடியாது.

7 வயதுச் சிறுவனுக்கு வந்தால்?

பருவமடைவதற்கு முன்பே உண்மையான சுரப்பி வீக்கம் வருவது அரிது. அங்கே காத்திருப்பது சரியன்று. விரையிலோ, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பியிலோ ஹார்மோன் சுரக்கும் கட்டி இருக்கிறதா, வீட்டில் யாராவது பயன்படுத்தும் ஈஸ்ட்ரோஜன் கலந்த களிம்பு குழந்தையின் தோலில் படுகிறதா என்பன போன்றவற்றைக் குழந்தைகளுக்கான நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் ஆராய வேண்டும்.

நான் சாப்பிடும் மாத்திரையால் இது வந்திருக்குமா?

வந்திருக்கலாம். வயதுவந்த ஆண்களிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். ஏனெனில் காரணங்களில் எளிதாகச் சரிசெய்யக் கூடியதும் இதுவே. இதய நோய்க்கும் கல்லீரல் நோய்க்கும் தரப்படும் ஸ்பைரனோலாக்டோன், ஆண் ஹார்மோனின் செயலைத் தடுப்பதால் மார்பக வீக்கத்துக்குப் பெயர் பெற்றது. ஆண்மைச் சுரப்பி எனப்படும் புராஸ்டேட் வீக்கத்துக்கும் தலைமுடி உதிர்வுக்கும் தரப்படும் ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு ஆகியவை டெஸ்டோஸ்டிரோன் வேறொரு வலிமையான வடிவமாக மாறுவதைத் தடுக்கின்றன. வயிற்றுப்புண்ணுக்கான சிமெட்டிடின், பூஞ்சைத் தொற்றுக்கான கீட்டோகோனசோல் மாத்திரை, எச்.ஐ.வி. சிகிச்சையில் உள்ள எஃபாவிரன்ஸ் ஆகியவையும் இந்த வரிசையில் வருகின்றன.

ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால் போன்ற மனநல மருந்துகளும், வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோபிரமைடு, டோம்பெரிடோன் ஆகியவையும் வேறு வழியில் செயல்படுகின்றன. அவை புரோலாக்டின் என்னும் ஹார்மோனை உயர்த்துகின்றன. உயர்ந்த புரோலாக்டின் டெஸ்டோஸ்டிரோன் சுரப்பைக் குறைக்கிறது. இவ்வகையில் சிலருக்குக் காம்பிலிருந்து பால் போன்ற நீரும் வரலாம்.

இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் தாமாக நிறுத்திவிட வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். மனநல மருந்தையோ இதய மருந்தையோ திடீரென நிறுத்துவதால் வரும் கேடு மார்பக வீக்கத்தைவிடப் பல மடங்கு பெரியது. எழுதித் தந்த மருத்துவரிடம் கேட்டால் மாற்று மருந்து பெரும்பாலும் கிடைக்கும். ஸ்பைரனோலாக்டோனுக்குப் பதிலாக எப்ளரினோன் என்பது அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மருந்தை மாற்றிய ஓரிரு மாதங்களில் வலி குறையத் தொடங்குகிறது. ஆனால் ஓராண்டுக்கு மேல் நீடித்த வீக்கத்தில் சுரப்பித் திசு நாராக இறுகிவிடுவதால், காரணத்தை நீக்கினாலும் அது முழுவதும் மறையாமல் போகலாம்.

உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு இது ஏன் வருகிறது? ஆண் ஹார்மோன்தானே போடுகிறார்கள்?

வெளியிலிருந்து மிகுதியாகப் புகுத்தப்படும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பகுதியை அரோமட்டேஸ் ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. ஊசியை நிறுத்தும்போது இன்னொரு சிக்கல் எழுகிறது: இரத்தத்தில் ஹார்மோன் நிறைந்திருப்பதைக் கண்டு மூளை விரைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்தியிருக்கும், விரைகள் மீண்டும் விழித்துச் சுரக்கப் பல மாதங்கள் ஆகலாம். விந்தணு எண்ணிக்கையும் இக்காலத்தில் வெகுவாகக் குறைந்துவிடும். வீக்கம் வராமலிருக்க என்று கூடவே வேறு மாத்திரைகளை விற்பவர்களும் உண்டு. அந்த மாத்திரைகளில் உண்மையில் என்ன இருக்கிறது என்று விற்பவருக்கே பல நேரம் தெரியாது. மருத்துவரிடம் போகும்போது ஊசி போட்டுக்கொண்டதை மறைக்காதீர்கள். மறைத்தால் தேவையில்லாத பரிசோதனைகளுக்கே பணமும் காலமும் போகும்.

வேறு எந்த நோய்கள் இதற்குக் காரணமாகின்றன?

கல்லீரல் சுருங்கி இறுகும் சிரோசிஸ் நோய் முக்கியமானது. கல்லீரல் தளர்ந்தால் ஹார்மோன்களின் சமநிலை குலைகிறது. மதுப்பழக்கம் விரைகளையும் நேரடியாகத் தாக்குகிறது. வயிற்றில் சேரும் நீரைக் குறைக்கத் தரும் மருந்தோ பெரும்பாலும் மேலே சொன்ன ஸ்பைரனோலாக்டோன். இப்படி ஒரே நோயாளியிடம் மூன்று காரணங்கள் ஒன்றுசேர்ந்துவிடுகின்றன. தைராய்டு மிகையாகச் சுரப்பது, டயாலிசிஸ் வரை சென்ற சிறுநீரகச் செயலிழப்பு, பொன்னுக்குவீங்கி நோயினால் விரைகள் பாதிக்கப்படுவது ஆகியவையும் காரணங்களே. நீண்ட பட்டினிக்குப் பிறகு மீண்டும் நன்றாக உண்ணத் தொடங்கும்போதும் சிலருக்கு வீக்கம் வருகிறது. இரண்டாம் உலகப் போரில் சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் இது கவனிக்கப்பட்டது.

பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதலாக அமைந்த நிலையை கிளைன்ஃபெல்டர் குறைபாடு என்பார்கள். 1942இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட இது, சுமார் 500 முதல் 1000 ஆண்களுக்கு ஒருவரிடம் காணப்படுகிறது. உயரமான உடல், சிறிய, கெட்டியான விரைகள், குழந்தைப்பேறின்மை ஆகியவற்றோடு மார்பக வீக்கமும் இருக்கலாம். பலருக்குத் திருமணத்துக்குப் பின் குழந்தையின்மைக்கான பரிசோதனையில்தான் இது தெரியவருகிறது. பருவ வயதில் மார்பக வீக்கத்துக்காக வந்த சிறுவனின் விரைகளையும் மருத்துவர் பரிசோதித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும்.

இளைஞர்களிடம் சிறு பங்கினருக்கு விரைப் புற்றுநோய் தன்னை வெளிக்காட்டும் முதல் அடையாளமே மார்பக வீக்கமாக அமைவதுண்டு. மருத்துவர் மார்பைப் பார்க்க வந்தவரின் விரைகளையும் ஏன் சோதிக்கிறார் என்று வியப்பவர்களுக்கு இதுவே விடை. கூச்சப்பட்டு அதை மறுக்க வேண்டாம்.

இது மார்பகப் புற்றுநோயாக இருக்குமா?

பெரும்பாலும் இல்லை. ஆண்களுக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் என்பது உண்மை. ஆனால் மொத்த மார்பகப் புற்றுநோய்களில் ஆண்களின் பங்கு சுமார் 1 விழுக்காடு மட்டுமே. அதுவும் பெரும்பாலும் 60 வயதை ஒட்டியோ அதற்கு மேலோ வருகிறது. சாதாரணச் சுரப்பி வீக்கம் புற்றுநோயாக மாறுவதாகவும் நிறுவப்படவில்லை. கிளைன்ஃபெல்டர் குறைபாடு உள்ளவர்களுக்கும், பி.ஆர்.சி.ஏ.-2 என்னும் மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பத்தாருக்கும் ஆபத்து தெளிவாகக் கூடுதல்.

சுரப்பி வீக்கம் காம்பை நடுவாகக் கொண்டு சீராக இருக்கும், தொட்டால் வலிக்கும், விரலால் நகர்த்த முடியும். புற்றுக்கட்டி பொதுவாக ஒரே பக்கத்தில், காம்பிலிருந்து சற்று விலகி, கல்லைப் போல் கெட்டியாக, வலியில்லாமல் இருக்கும். தோல் குழிவது, காம்பு உள்ளிழுக்கப்படுவது அல்லது புண்ணாவது, இரத்தம் கலந்த கசிவு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் எது தென்பட்டாலும் நாள் கடத்தாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வலியில்லை என்பதால் ஆபத்தில்லை என்று பலர் காத்திருந்துவிடுகிறார்கள். இங்கே நிலைமை நேர்மாறானது.

வயதான பிறகு வருவது ஏன்?

50 வயதுக்கு மேல் டெஸ்டோஸ்டிரோன் மெல்லக் குறைகிறது, உடல் கொழுப்பு கூடுகிறது, மருந்துகளின் எண்ணிக்கையும் கூடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்காக, ஆண் ஹார்மோனின் செயலைத் தடுக்கும் பைகலூட்டமைடு மாத்திரையை மட்டும் தனியாக எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு மார்பக வீக்கமும் வலியும் வருகின்றன. முன்கூட்டியே குறைந்த அளவு கதிர்வீச்சு கொடுத்தோ, ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டமாக்சிஃபென் மாத்திரை கொடுத்தோ அதைத் தடுக்க வழி உண்டு என்பதால், சிகிச்சை தொடங்கும் முன்பே இதைப் பற்றிக் கேட்பது நல்லது.

சோயா சாப்பிட்டால் வருமா? லாவெண்டர் எண்ணெய்?

வழக்கமான அளவில் சோயா உண்பதால் வருவதில்லை. நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் சோயாப் பால் குடித்து வந்த 60 வயதுக்காரர் ஒருவருக்கு வந்து, நிறுத்தியபின் சரியானதாக 2008இல் ஒரு மருத்துவக் குறிப்பு வெளியானது. அந்த அளவை யாரும் எளிதில் எட்டமாட்டார்கள். லாவெண்டர், டீ ட்ரீ எண்ணெய்கள் கலந்த பொருட்களைப் பயன்படுத்திய மூன்று சிறுவர்களுக்கு வந்ததாக 2007இல் வெளியான அறிக்கை இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது. சிறுவனுக்கு வீக்கம் இருந்தால் அவற்றை நிறுத்திப் பார்ப்பதில் இழப்பொன்றும் இல்லை.

எந்தப் பரிசோதனைகள் தேவைப்படும்?

எல்லோருக்கும் எல்லாம் தேவையில்லை. நலமாக இருக்கும் பருவ வயதுச் சிறுவனுக்கு உடல் பரிசோதனையே பெரும்பாலும் போதும். வயதுவந்தவருக்குப் புதிதாக வலியுடன் வந்து, மருந்து முதலிய வெளிப்படையான காரணம் எதுவும் புலப்படாதபோது, டெஸ்டோஸ்டிரோன், விரைகளைச் சுரக்கத் தூண்டும் எல்.எச்., ஈஸ்ட்ரோஜனின் முதன்மை வடிவமான ஈஸ்ட்ரடையோல், சில கட்டிகள் சுரக்கும் எச்.சி.ஜி. என்னும் ஹார்மோன், புரோலாக்டின், தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகள் செய்யப்படும். டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உயர்ந்திருக்கும் என்பதால் அதற்கான இரத்தத்தைக் காலையில் கொடுக்க வேண்டும். எச்.சி.ஜி. அல்லது ஈஸ்ட்ரடையோல் உயர்ந்திருந்தால் விரைகளுக்கு அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். மேமோகிராம் எனப்படும் மார்பக எக்ஸ்ரே, திசு ஆய்வு ஆகியவை புற்றுநோய் ஐயம் இருந்தால் மட்டும்.

உடற்பயிற்சியால் குறைக்க முடியுமா?

கொழுப்பைக் குறைக்கலாம், சுரப்பியைக் கரைக்க முடியாது. எடை குறைந்து உடல் இளைத்தபின், காம்பின் பின்னால் உள்ள தட்டு முன்பைவிட எடுப்பாகத் தெரிவதுகூட உண்டு. மார்புத் தசைப் பயிற்சிகளும் அவ்வாறே. ஆனாலும் பருமனானவர்கள் எடையைக் குறைப்பது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையும் குறைக்கும் என்பதால் அது வீண் முயற்சி ஆகாது. தடவினால் சுருங்கும் என்று விற்கப்படும் களிம்புகளை வாங்கத் தேவையில்லை.

மருந்தால் குணமாகுமா?

வீக்கம் புதிதாகவும் வலியுடனும் இருக்கும்போது, ஈஸ்ட்ரோஜனின் செயலைத் தடுக்கும் டமாக்சிஃபெனை மருத்துவர்கள் சில மாதங்களுக்குத் தருவதுண்டு. இந்த நோய்க்கென்று முறையாக அங்கீகரிக்கப்பட்ட மருந்து அன்று என்றாலும், வலியைக் குறைப்பதில் நல்ல பலன் காணப்பட்டிருக்கிறது. இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்த வரலாறு உள்ளவர்களுக்கு அது ஏற்றதன்று. திசு நாராகிவிட்ட பழைய வீக்கத்துக்கு எந்த மாத்திரையும் பெரிதாக உதவுவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைபாடு நிரூபிக்கப்பட்டவர்களுக்கு மட்டுமே அந்த ஹார்மோன் தரப்பட வேண்டும். மற்றவர்களுக்குக் கொடுத்தால் வீக்கம் கூடவே வாய்ப்புண்டு.

இதனால் ஆண்மையோ குழந்தைப்பேறோ பாதிக்கப்படுமா?

மார்பக வீக்கம் தன்னளவில் எதையும் பாதிப்பதில்லை. அதற்கு அடிப்படையான காரணம் டெஸ்டோஸ்டிரோன் குறைபாடாக இருந்தால், பாலுறவு நாட்டம் குறைவதும் விறைப்புக் குறைவும் விந்தணுக் குறைவும் அந்தக் குறைபாட்டினால் வரலாம். அத்தகைய அறிகுறிகள் இருந்தால் மருத்துவரிடம் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை எப்போது? மீண்டும் வராதா?

ஓராண்டுக்கு மேல் நீடித்து, காரணம் ஆராயப்பட்டு, மனத்தையோ உடலையோ தொடர்ந்து வருத்தும் வீக்கத்துக்கு அறுவை சிகிச்சையே உறுதியான வழி. ஏழாம் நூற்றாண்டில் கிரேக்கத் தீவான ஏஜினாவைச் சேர்ந்த பவுலஸ் என்னும் மருத்துவர் இதற்கான அறுவையை எழுதி வைத்திருக்கிறார் என்பதிலிருந்து இந்த வேதனை எவ்வளவு பழையது என்று ஊகிக்கலாம். இன்று காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் விளிம்பில் சிறிய அரைவட்டக் கீறலிட்டுச் சுரப்பியை அகற்றுகிறார்கள். சுற்றியுள்ள கொழுப்பை லைபோசக்‌ஷன் முறையில் உறிஞ்சி எடுக்கிறார்கள். தோல் மிகவும் தொங்கியிருந்தால் அதையும் வெட்டிச் சீராக்க வேண்டியிருக்கும். அப்போது தழும்பு பெரிதாகும். லைபோசக்‌ஷன் மட்டும் போதும் என்று சொல்லப்பட்டால், கெட்டியான சுரப்பியை அது எடுத்துவிடுமா என்று கேட்டுத் தெளிவது நல்லது.

இரத்தக்கட்டு, நீர் சேர்தல், காம்பில் உணர்வு குறைதல், மிகுதியாக எடுத்துவிட்டால் காம்பின் கீழ் பள்ளம் விழுதல் ஆகியவை நேரக்கூடிய சிக்கல்கள். சில வாரங்களுக்கு இறுக்கமான உள்ளாடை அணிய வேண்டும். பாரம் தூக்கக் கூடாது. பருவ வயதினருக்கு வளர்ச்சி முடிந்தபின் செய்வதே உகந்தது. முன்னதாகச் செய்தால் எஞ்சிய திசு மீண்டும் வளர இடமுண்டு. வயதுவந்தவர்களுக்கு மீண்டும் வருவது அரிது. ஹார்மோன் ஊசியையோ, காரணமான மருந்தையோ தொடர்ந்தாலும், உடல் எடை வெகுவாகக் கூடினாலும் திரும்ப வரலாம். அறுவைக்கு முன்பே அவற்றுக்கு வழி செய்துகொள்ள வேண்டும்.